ஹால்சியன்: ஒரு மீன்கொத்திக்குள்ள இருந்து வந்த இங்கிலீஷ் சொல்லு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சாயந்திரத்துல பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கற பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரேன். மாதிரி வினாத்தாள்ல ஒரு தடவை ஹால்சியன்ங்கற சொல்லு வந்துச்சு, அன்னைல இருந்து ஒவ்வொரு பேட்ச்லயும் இதே சந்தேகங்கதான் திரும்பத் திரும்ப வருது. எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லு இது, அதனால அவசரத்துல ஒரு வரி சொல்லிட்டுப் போக மனசு வரல. கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டு, தெரிஞ்சத எல்லாம் ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன்.

மிஸ், ஹால்சியன்னா என்ன? ஒரே வரில சொல்லுங்க, நோட்ல எழுதிக்கறேன்

அமைதியான, சந்தோஷமான, தொந்தரவு எதுவும் இல்லாத. பெரும்பாலும் ஒரு காலத்தப் பத்திச் சொல்றப்போ வரும், அதுவும் முடிஞ்சு போன காலத்த நெனச்சு ஏங்கறப்போ. 'ஹால்சியன் டேஸ்'ங்கற ஜோடியாத்தான் நூத்துக்குத் தொண்ணூறு தடவை பாப்பீங்க. பரீட்சைக்கு இது போதும். ஆனா இந்த ஒரு வரிய மட்டும் வெச்சுகிட்டு வாக்கியம் எழுதினா தப்பு வரும், ஏன்னு கீழ போகப் போகப் புரியும்.

இத எப்படி வாசிக்கறது? ஸ்பெல்லிங்ல ஒய் எங்க வருதுன்னு ஒவ்வொரு தடவையும் குழப்பமா இருக்கு

பேங்க்னு சொல்றப்போ முதல் எழுத்துல வாய் எப்படித் திறக்குதோ அதே ஒலி, அதுக்கு முன்னாடி ஹ. அப்புறம் 'ல்-சி-யன்'. அழுத்தம் முதல் பகுதில. நடுவுல 'க' கிடையாது, 'ச' தான்.

ஸ்பெல்லிங் எச், ஏ, எல், சி, ஒய், ஓ, என். நிறைய பேரு ஒய்ய எல்லுக்குப் பக்கத்துலயே போட்டுட்டு சிய அப்புறம் எழுதறாங்க, இங்கிலீஷ்காரங்களே பண்ற தப்பு இது. எல்லுக்கு அடுத்து சி, அதுக்கப்புறம்தான் ஒய்னு வாய்விட்டு நாலு தடவை சொல்லிப் பாருங்க, கை தானா பழகிடும்.

விலங்குல இருந்து வந்த சொல்லுன்னு சொன்னீங்க. உள்ள எந்த விலங்கும் தெரியலையே?

மீன்கொத்தி. கிரேக்கத்துல மீன்கொத்திக்கு 'அல்கியோன்'னு பேரு. அது லத்தீனுக்குப் போய், அங்கேருந்து இங்கிலீஷுக்கு வந்து ஹால்சியன் ஆச்சு. இன்னைக்கு இங்கிலீஷ்ல அந்தப் பறவைக்கு கிங்ஃபிஷர்னு வேற பேரு நிலைச்சுட்டதால, இந்தச் சொல்லுக்குள்ள பறவை இருக்கறதே யாருக்கும் தெரியறதில்ல. பூனையில இருந்து ஃபீலைன், நாயில இருந்து கேனைன், மாட்டுல இருந்து போவைன்னு வரிசையா மனப்பாடம் பண்ற பசங்க கூட இத அந்த லிஸ்ட்ல சேக்க மாட்டாங்க.

மீன்கொத்திக்கும் அமைதிக்கும் என்ன சம்பந்தம்? அது தண்ணில தொபுக்குன்னு குதிச்சு மீன் புடிக்கற பறவையாச்சே

இதுக்கு ஒரு கதை சொல்லணும், கொஞ்சம் பெருசு. ரோமானியக் கவிஞர் ஓவிட், சுமார் 2000 வருஷம் முன்னாடி, உருமாற்றக் கதைங்களா எழுதின நெடுங்காவியத்தோட 11வது பகுதில இது வருது. அல்கியோனி காத்துகளக் கட்டி வெச்சிருக்கற ஏயோலஸோட பொண்ணு. புருஷன் கீயிக்ஸ், ட்ராக்கிஸ்ங்கற ஊருக்கு ராஜா. அவன் குறி கேக்கறதுக்காக கடல் தாண்டி க்ளாரோஸ்க்குப் போகணும்ங்கறான், அவ வேணாம்னு அழறா, எங்கப்பா வீட்ல இந்தக் காத்துகளப் பக்கத்துல இருந்து பாத்து வளந்தவ நானு, அதுங்கள அவுத்து விட்டா யாராலயும் அடக்க முடியாது, போறதா இருந்தா என்னையும் கூட்டிட்டுப் போன்னு கெஞ்சறா. கேக்காம தனியாப் போறான். முதல் ராத்திரியே புயல், கப்பல் உடைஞ்சு அவன் முழுகிப் போறான், கடைசி வரைக்கும் வாயில அவ பேருதான்.

இது தெரியாம அவ தினமும் ஜூனோ கோயில்ல போய் புருஷன் நல்லபடியா வரணும்னு வேண்டிகிட்டே இருக்கா. செத்துப் போனவனுக்காக ஒருத்தி வேண்டறத தாங்க முடியாம அந்தத் தெய்வம் தூக்கத்தோட தேவன்கிட்ட ஆள் அனுப்புது, அவனோட மகன் மார்ஃபியஸ் கீயிக்ஸ் ரூபத்துலயே கனவுல வந்து, தலையில தண்ணி சொட்டச் சொட்ட நின்னு, நான் செத்துட்டேன்னு சொல்றான். (மார்ஃபின்ங்கற வலி மருந்தோட பேரு இந்த மார்ஃபியஸ்கிட்ட இருந்து வந்ததுதான்.) விடிஞ்சதும் அவ கடற்கரைக்கு ஓடறா, அலைல ஒரு உடம்பு மெதுவா மெதுவா கரைப் பக்கம் வருது, கிட்ட வந்ததும் யாருன்னு தெரியுது. அங்க இருந்த மேட்டு மேல ஏறி அவ குதிக்கறா, ஆனா விழல, றெக்கை முளைச்சுப் பறக்கறா. கடைசில தேவர்கள் மனசு இரங்கி ரெண்டு பேரையுமே பறவை ஆக்கிடறாங்க.

நம்ம சொல்லுக்கு வேண்டிய விஷயம் இதுக்கப்புறம்தான் வருது. குளிர்காலத்துல அந்தப் பறவை கடல் மேல மிதக்கற கூட்டுல முட்டை வெச்சு அடைகாக்குமாம், அந்தச் சில நாளு மட்டும் ஏயோலஸ் தன் பேரக்குஞ்சுகளுக்காக காத்த வெளிய விடாம பூட்டி வெச்சிருப்பாராம். மகளோட புருஷனக் கொன்ன அதே காத்து. அந்த நாளுங்கதான் ஹால்சியன் டேஸ், மீன்கொத்தி நாளுங்க. அதாவது குளிர்காலம் முடிஞ்சு வர்ற அமைதி இல்ல இது, முன்னாடியும் புயல் பின்னாடியும் புயல், நடுவுல ஒரு கூட்டுக்காக யாரோ புடிச்சு நிறுத்தி வெச்ச அமைதி. டிக்‌ஷனரில இருக்கற 'பீஸ்ஃபுல்'ல இந்த விஷயம் இல்ல, எனக்கு அது பெரிய குறையாத் தெரியுது.

அந்த நாளுங்க ஏழா பதினாலா? ஒவ்வொரு இடத்துல ஒவ்வொண்ணு போட்டிருக்கு

ரெண்டும் இருக்கு. ஓவிட் ஏழு நாள்னு பாடறார். அவருக்கு முன்னூறு வருஷத்துக்கு மேல முன்னாடியே, கி.மு. 4ம் நூற்றாண்டுல அரிஸ்டாட்டில் விலங்குகளப் பத்தி எழுதறப்போ, வருஷத்துலயே பகல் ரொம்பக் குறைவா இருக்கற நாளுக்கு முன்னாடி ஏழு, பின்னாடி ஏழுன்னு பிரிக்கறார், முதல் ஏழு நாள் கூடு கட்ட, அடுத்த ஏழு நாள் முட்டை வெச்சு குஞ்சு வளக்க. இப்போ உள்ள காலண்டர்ல பாத்தா டிசம்பர் பாதில இருந்து மாசக் கடைசி வரைக்கும் வரும்.

மீன்கொத்தி நெசமாவே கடல் மேல கூடு கட்டுமா?

கட்டாது. எந்த மீன்கொத்தி இனமும் மிதக்கற கூடு கட்டறதில்ல. ஐரோப்பாவுல இருக்கற நீல முதுகு, ஆரஞ்சு வயிறு மீன்கொத்தி, நம்ம ஊர்லயும் இருக்கற சின்ன நீல மீன்கொத்திதான் அது, ஆத்தங்கரை மண்ணுல நீளமா வளை தோண்டி, அதோட கடைசில முட்டை வைக்கும். அதுவும் டிசம்பர் குளிர்ல இல்ல, குளிர் போனதுக்கு அப்புறம்.

ஆனா பழைய ஆளுங்க கண்ண மூடிகிட்டு எழுதினாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கூடு எதால ஆனதுன்னு தெரியல, ஒரு வேளை மீன் முள்ளா இருக்கலாம்னு அரிஸ்டாட்டில் எழுதறார். மீன்கொத்தி வளைக்குள்ள பாத்தா மீன் முள்ளுதான் குவிஞ்சு கெடக்கும், முழுங்கின மீனோட முள்ள உருண்டையா கக்கிப் போடற பழக்கம் அதுக்கு. அதே மாதிரி குளிர் ஜாஸ்தியானா இந்தப் பறவைங்க உள்நாட்டு ஓடைகள விட்டுட்டு கடலோரத்துக்கு வந்துரும். குளிர்காலத்துல மட்டும் கடல்கிட்ட கண்ணுல படற பறவை, கூடு எங்கயும் காணோம், அப்போ கூடு கடல்லதான் இருக்கணும்னு நெனச்சிருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனா எனக்கு சரியாப் படுது.

அப்போ அந்த அமைதியான நாளுங்களும் கட்டுக்கதைதானே?

இல்ல, அது நிஜம். கிரீஸ்ல இன்னைக்கும் நடுக்குளிர்ல சில நாள் காத்து அடங்கி, வானம் தெளிஞ்சு, வெயில் இதமா அடிக்கும். அங்க வானிலை அறிக்கைலயே அத 'அல்கியோன் நாளுங்க'ன்னுதான் சொல்றாங்க. அந்தப் பகுதி மேல காத்தழுத்தம் அதிகமா இருந்து நிலையா நிக்கறதால வர்றது. கதைல சொல்ற டிசம்பர் கணக்குக்கு அப்படியே ஒத்துப் போறதில்ல, பெரும்பாலும் ஜனவரிலதான் வருது, சில வருஷம் சரியா வராமயும் போயிடும்.

மூலச் சொல்லு அல்கியோன்னா, முன்னாடி எச் எங்கேருந்து வந்துச்சு?

தப்பா புரிஞ்சுகிட்டதால வந்துச்சு. கிரேக்கத்துல 'ஹல்ஸ்'னா கடல், உப்பு. 'கியோன்'னா கருத்தரிக்கற. கடல்ல முட்டை வைக்கற பறவைன்னு கதை இருக்கே, அப்போ பேரும் 'ஹல்ஸ் கியோன்'ல இருந்துதான் வந்திருக்கணும்னு நெனச்சு ஒரு ஹகரத்த சேத்துட்டாங்க, லத்தீன் வழியா அது இங்கிலீஷ்லயும் தங்கிடுச்சு. உண்மையான மூலம் கிரேக்கத்துக்கும் முந்தின ஏதோ ஒரு மொழியா இருக்கலாம்னு அறிஞர்கள் நெனக்கறாங்க. வேதியியல்ல குளோரின் மாதிரி உப்ப உருவாக்கற தனிமங்களச் சொல்ற ஹாலஜன்ல வர்ற 'ஹால்' அதே ஹல்ஸ்தான், அங்க அது முறையா வந்த உப்பு, இங்க நடுவுல வந்து ஒட்டிகிட்ட உப்பு.

கதை சொல்லோட எழுத்தையே மாத்திருச்சு பாருங்க. கேள்விப்பட்ட நாள்ல இருந்து எனக்கு இந்தச் சொல்லு மேல பாசம் கூடிப் போச்சு.

இது நவுனா அட்ஜெக்டிவா? ஒரு புக்ல நவுன்னு போட்டிருக்கு

ரெண்டும். முதல்ல நவுன்தான், 14ம் நூற்றாண்டு கடைசிலயே இங்கிலீஷ்ல அந்தக் கதைப் பறவைக்குப் பேரா வந்துருச்சு. 'மீன்கொத்தி நாளுங்க'ன்னு நாம சொல்றப்போ மீன்கொத்தி பேருச்சொல்லாவே நின்னு அடுத்த சொல்ல விளக்குது இல்லையா, அதே மாதிரி ஹால்சியனும் டேஸுக்கு முன்னாடி நின்னு நின்னு, கொஞ்சம் கொஞ்சமா தனி அட்ஜெக்டிவ் ஆயிடுச்சு. அதனாலதான் ஃபீலைன், போவைன்ல இருக்கற மாதிரி தனியா வால் எதுவும் இதுக்கு இல்ல. அர்த்தமும் அதுங்க மாதிரி இல்ல, ஃபீலைன்னா பூனை மாதிரின்னு அர்த்தம், ஹால்சியன்னா மீன்கொத்தி மாதிரின்னு அர்த்தம் கெடையவே கெடையாது, மீன்கொத்திக்காகக் கிடைச்ச அமைதி மாதிரின்னுதான் அர்த்தம்.

இப்போ எழுதறப்போ அட்ஜெக்டிவா மட்டும் போடுங்க. நவுனா போட்டா பறவைய சொல்றீங்களா வேற எதையாவது சொல்றீங்களான்னு படிக்கறவங்க நின்னுருவாங்க.

செத்த மீன்கொத்திய கட்டித் தொங்க விட்டா காத்து எந்தப் பக்கம்னு காட்டும்னு எங்கயோ படிச்சேன், உண்மையா மிஸ்?

அப்படி ஒரு நம்பிக்கை இங்கிலாந்துல நெசமாவே இருந்துச்சு. காத்தையே நிறுத்தி வெச்ச பறவைன்னா காத்தோட திசையும் அதுக்குத் தெரியும்தானேன்னு, காயவெச்ச உடம்ப நூல்ல கட்டி வீட்டுக்குள்ள தொங்க விடுவாங்களாம், அலகு எந்தப் பக்கம் திரும்புதோ காத்து அந்தப் பக்கம். ஷேக்ஸ்பியரோட கிங் லியர் நாடகத்துல, எஜமான் மனசு மாறற பக்கம் எல்லாம் தானும் திரும்பற ஜால்ரா ஆளுங்கள ஒருத்தன் திட்டறப்போ, ஹால்சியன் அலக திருப்பற பசங்கன்னு சொல்லுவான். அந்த வரி புரியலன்னு ஒரு எம்.ஏ. படிக்கற பொண்ணு கேட்டா, விஷயம் இதுதான்.

தாமஸ் பிரவுன்னு ஒரு டாக்டர், 1646ல மக்களோட தவறான நம்பிக்கைகள ஒவ்வொண்ணா சோதிச்சு ஒரு புத்தகம் போட்டார். அவரு முறுக்கில்லாத பட்டு நூல்ல மீன்கொத்திய தொங்க விட்டுப் பாத்தார், காத்துக்கும் அதுக்கும் ஒத்துப் போகல. ஒரே ரூம்ல ரெண்டத் தொங்க விட்டா பல தடவை ரெண்டும் எதிரெதிர் திசைல நிக்குதுன்னு எழுதியிருக்கார். இவ்வளவு எளிமையா யார் வேணும்னாலும் செஞ்சு பாத்திருக்கலாம், ஒருத்தர்தான் உக்காந்து செஞ்சிருக்கார், எனக்கு அவர் மேல ரொம்ப மரியாதை.

ஹால்சியன் பேபி, ஹால்சியன் டீச்சர்னு எழுதினேன், தப்புன்னு அடிச்சுட்டீங்க. அமைதியானன்னு தானே அர்த்தம்?

ஆமா, ஆனா ஆளுக்கு வராது. முதல் கேள்விலயே சொன்னேன், பெரும்பாலும் காலத்துக்குத்தான் வரும்னு. டேஸ், இயர்ஸ், டைம்ஸ், சம்மர், எரா இதுங்க முன்னாடி தாராளமாப் போடலாம். கடல், வானம், வானிலைக்கும் போடலாம், அதுதான் மூலமே. கொழந்தை அமைதியா தூங்குதுன்னா காம், பீஸ்ஃபுல் போதும்.

இன்னொன்னு, 'மோர் ஹால்சியன்'னு ஒப்பிட்டு எழுதாதீங்க, கேக்கவே ஒரு மாதிரி இருக்கும். பரீட்சைல எதிர்ச்சொல் கேட்டா டர்புலன்ட், டெம்பெஸ்சுவஸ், ஸ்டார்மி இதுல ஏதாவது ஒண்ணு ஆப்ஷன்ல இருக்கும், மூணுமே கொந்தளிப்பு, புயல் சம்பந்தப்பட்ட சொல்லுங்கதான். கதை ஞாபகம் இருந்தா யோசிக்காமயே டிக் அடிச்சிரலாம்.

தமிழ்ல பொற்காலம்னு எழுதினா சரியா வருமா?

எனக்கு அது ஒப்பல. பொற்காலம்னா செழிப்பு, புகழ், சாதனை எல்லாம் உச்சத்துல இருந்த காலம், அதுக்கு இங்கிலீஷ்ல கோல்டன் ஏஜ்னு இருக்கு. ஹால்சியனுக்கு சாதனை எதுவும் வேணாம். ஒரு வீட்ல அப்பாவுக்கு வேலை நிலையா இருந்து, பாட்டி நல்லா நடமாடிகிட்டு, கடன் இல்லாம ஒரு மூணு வருஷம் ஓடுச்சுன்னா அது அந்த வீட்டோட ஹால்சியன் வருஷங்க, பொற்காலம்னு அத யாரும் சொல்ல மாட்டாங்க.

நான் மொழிபெயர்க்கறப்போ இடத்தப் பாத்து 'அலை அடங்கி இருந்த நாளுங்க', 'நிம்மதியா இருந்த அந்தக் காலம்' இப்படி ஏதாவது எழுதுவேன். ஒரே சொல்லுல அடக்கணும்னு கட்டாயம் ஏதும் இல்லையே.

எங்க வயக்காட்டு கரண்ட் கம்பில உக்காந்திருக்கற மீன்கொத்திக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாவே உண்டு. சாக்லேட் கலர் தலை, வெள்ளை மார்பு, பளீர் நீல றெக்கை, செவப்பு அலகு, நீங்க பாத்தது அதுன்னா அது வெண்மார்பு மீன்கொத்தி. அதோட அறிவியல் பேரே ஹால்சியன் ஸ்மிர்னென்சிஸ். 1758ல, உயிரினங்களுக்கு அறிவியல் பேரு வைக்கற முறைய உருவாக்கின லின்னேயஸ் அதுக்கு ஸ்மிர்னாங்கற ஊர வெச்சு பேரு குடுத்தார், இப்போ துருக்கில இஸ்மிர்னு சொல்ற ஊரு. முன்னாடி இருக்கற ஹால்சியன்ங்கறது பேரினத்தோட பேரு, அதாவது நெருங்கின இனங்கள சேத்துச் சொல்ற பேரு, 1821ல ஸ்வைன்சன்ங்கற பறவை ஆய்வாளர் வெச்சது. இந்தப் பறவை தண்ணிக்குப் பக்கத்துலதான் இருக்கணும்னு இல்ல, வெட்டுக்கிளி, ஓணான், நண்டு எல்லாம் தின்னும், அதான் வயக்காட்டுல பாக்கறீங்க. கூடு மண் சரிவுலயும், கல்லு கட்டாத கிணத்து மண் சுவர்லயும் தோண்டும்.

கீயிக்ஸ் பேரும் விட்டுப் போகல, மேற்குத் தொடர்ச்சி மலைல இருக்கற உள்ளங்கை அளவு குட்டி மீன்கொத்தியோட பேரினம் சீயிக்ஸ், அதே பேருதான், உச்சரிப்புதான் வேற. மீன்கொத்திக்கு லத்தீன்ல ஆல்சிடோன்னு பேரு, அந்த எழுத்துங்கள கலைச்சுப் போட்டு டாசிலோன்னு ஆக்கி ஆஸ்திரேலியாவோட கூக்கபரா பறவைக்கு வெச்சுட்டாங்க.

நம்ம பழைய தமிழ்ல மீன்கொத்திக்கு சிரல்னு பேரு. சிறுபாணாற்றுப்படைல ஒரு 'பொன்வாய் மணிச்சிரல்' வரும், காஞ்சி மரக்கொம்புல ஏறி, ஆழமான குளத்தப் பாத்துகிட்டு ரொம்ப நேரம் உக்காந்து, கயல் மீனத் தூக்கறப்போ அதோட நகம் பட்டு தாமரை இலை கிழிஞ்சு வடு நிக்கும். கிரேக்க, ரோமானியக் கவிங்க கதையப் பாத்தாங்க, இவரு பறவையப் பாத்திருக்கார்.

கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துல ஒண்ணுக்கு அல்கியோனின்னு பேராமே, அதே பொண்ணா?

பேரு ஒண்ணு, ஆளு வேற. அந்தக் கூட்டத்துலயே ரொம்பப் பிரகாசமான நட்சத்திரம் அது, கதைப்படி அவ அட்லஸோட ஏழு பொண்ணுங்கள்ல ஒருத்தி. மேல சொன்னவ ஏயோலஸோட பொண்ணு.

முடிஞ்சு போன காலத்துக்கு மட்டும்தான் போடணுமா? ஃபேர்வெல்ல சீனியருங்களுக்கு 'ஹால்சியன் டேஸ் அஹெட்'னு கார்டுல எழுதலாமா?

எழுதலாம். பழச நெனச்சு ஏங்கற வாடை இந்தச் சொல்லுக்கு இப்போ ஒட்டிகிட்டது, முதல் பதில்ல அதனாலதான் 'அதுவும்'னு சேத்தேன், ஆனா அது கட்டாயம் இல்ல. ஷேக்ஸ்பியரோட ஆறாம் ஹென்றி முதல் பாகத்துல ஜோன் ஆஃப் ஆர்க் வந்து பிரெஞ்சு இளவரசன்கிட்ட, இனி நான் போருக்கு வந்துட்டேன், மார்ட்டின் கோடையும் ஹால்சியன் நாளுங்களும் வரும்னு எதிர்பாருங்கன்னு சொல்லுவா. மார்ட்டின் கோடைன்னா நவம்பர் 11 செயின்ட் மார்ட்டின் திருநாள ஒட்டி, குளிர் இறங்கற நேரத்துல திடீர்னு வர்ற இதமான வெயில். ரெண்டுமே குளிருக்கு நடுவுல கிடைக்கற நல்ல நாளுங்க, ரெண்டுமே வரப்போறதுன்னுதான் சொல்றா.

ஆனா கார்டுல எழுதறப்போ பழச சொல்றீங்களா வரப்போறத சொல்றீங்களான்னு தெளிவா இருக்கணும், அதனால அந்த 'அஹெட்'ட விட்டுராதீங்க. முக்கியமா ஒய்ய சிக்கு அப்புறம் போடுங்க.